ராஜ் ஸ்டைல் பாஸ்தா

அமலோற்பவம் உப்பளத்திலிருந்து வந்து, காலில் இரண்டாவது சொம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தபோது தேவநாதன் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். ஒரு கையில் துணிப்பை. இன்னொரு கையில் ஐஸ் உருகிச் சொட்டும் பிளாஸ்டிக் கவர். அன்று லாரிக்கு மூட்டை கட்டும் நாள் என்பதால் அவள் வீடு திரும்ப மூன்று மணியாகியிருந்தது. முகத்திலும் புருவத்திலும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அவனை உடனே அடையாளம் தெரியவில்லை. ஏழு மாதத்துக்கு முன்பு, அவள் புருஷன் ஆரோக்கியராஜை அடக்கம் செய்த அன்று, கல்லறைத் தோட்டத்து மதிலோரம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி கடைசிவரை நின்றிருந்தவன் இவன் என்று ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அண்ணி, இன்னைக்கு உங்க வீட்ல நான் சமைக்கலாமா?" என்றான் அவன்.

"மொதல்ல உக்காருப்பா. தண்ணி குடி."

உட்காரவில்லை. கவரை எங்கே வைப்பது என்று பார்த்தான். உள்ளே பிளஸ் டூ புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த மகள் கலைமதி எழுந்து வந்து ஓர் அலுமினியப் பாத்திரத்தை நீட்டினாள். அதில் கவரை வைத்த பிறகுதான் அவனுக்குப் பேச்சு வந்தது.

புதுச்சேரியில், வெள்ளைக்காரர்கள் அதிகம் வரும் ஓர் ஓட்டலில் ஆரோக்கியராஜ் பதினோரு வருடம் சமையல்காரனாக இருந்தான். திங்கட்கிழமை ஓட்டலுக்கு விடுமுறை. ஞாயிறு ராத்திரி மரக்காணம் வந்தால் செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸுக்குத் திரும்பிப் போவான். தேவநாதன் அவனிடம் ஆறு வருடம் எடுபிடியாக இருந்து வேலை கற்றவன். ஆரோக்கியராஜ் அடுப்புக்கு முன்னாலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த வியாழக்கிழமை, அவனை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியவனும் இவன்தான்.

"அண்ணனோட அடுப்ப இப்ப என்கிட்ட குடுத்திருக்காங்க. மத்ததெல்லாம் சரியாத்தான் போவுது. ஸ்டேக் பாஸ்தா மட்டும் வரல. மூணு வாரமா தட்டு பாதியில திரும்பி வருது. பழைய கஸ்டமருங்க, ராஜ் இருந்தப்ப இருந்த மாதிரி இல்லன்னு சொல்றாங்க. மெட்ராஸ்லேர்ந்து வேற ஆளக் கூட்டியாறேன்னு மொதலாளி சொல்லிட்டாரு."

"நீ சாப்ட்டுப் பாத்தா எது கொறையுதுன்னு தெரியாதா?"

தேவநாதன் கவரைப் பார்த்தான். "நான் மாட்டுக்கறி வாயில வெச்சதில்ல அண்ணி. எங்க ஊரு கிளியனூர் பக்கம். வீட்ல பழக்கமில்ல. நான் ரொட்டிக் கடையில இருக்கறதாதான் எங்கம்மா நெனச்சுட்டு இருக்குது. அண்ணன் இருந்தவரைக்கும் ருசி பாக்கறது அவரு. வெந்துதா இல்லையான்னு கை வெச்சு சொல்றது நானு. இப்ப ருசி பாக்க ஆளில்ல. ஓட்டல்ல யாருகிட்டயும் இத சொல்ல முடியாது."

அமலோற்பவத்துக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். தன் புருஷன் சமைத்து அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்தால் அடுப்புப் பக்கமே திரும்பமாட்டான். "ஆறு நாளும் அதுங்கூடத்தானே நிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்துவிடுவான். அவள் வைக்கும் கருவாட்டுக் குழம்பை மூன்று வேளையும் சாப்பிடுவான். அவன் கைப்பக்குவம் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அடக்கத்துக்கு வந்த ஓட்டல்காரர்கள் சொல்லித்தான்.

"சரி. சமை" என்றாள்.

அவன் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். குழாய் குழாயாகப் பாஸ்தா, டப்பாவில் க்ரீம், காகிதத்தில் சுற்றிய சீஸ், வெண்ணெய், பூண்டு, ஒரு சின்னப் பொட்டலத்தில் உப்பு. உப்பைப் பார்த்ததும் கலைமதி தாயைப் பார்த்தாள்.

"மரக்காணத்துக்கு உப்பா கொண்டாந்த?" என்றாள் அமலோற்பவம். தேவநாதன் கூச்சத்தோடு பொட்டலத்தை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டான்.

ஸ்டவ்வில் பாஸ்தாவுக்குத் தண்ணீர் வைத்தான். கறிக்கு அந்தச் சூடு போதாது என்று முற்றத்து விறகடுப்பைக் கேட்டான். சவுக்கு விறகு சடசடவென்று பிடித்துக்கொண்டது. கறி அண்டர்கட், மாட்டின் முதுகுக்கு உள்பக்க மெத்தென்ற சதை. ஒரு நரம்பில்லாமல், விரல் தடிமனுக்கு வெட்டி வைத்திருந்தான். துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, அவள் கொடுத்த கல்லுப்பை உள்ளங்கையில் நுணுக்கி, கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி அங்கிருந்து தூவினான். பிறகு துண்டை மடித்து இடது தோளில் போட்டுக்கொண்டான்.

அமலோற்பவம் அந்தத் துண்டையே பார்த்தாள். ஆரோக்கியராஜ் வீட்டில் சும்மா இருக்கும்போதுகூடத் துண்டை அப்படித்தான் மடித்து இடது தோளில் போடுவான். தண்ணீர் குடித்தால் அதில் வாய் துடைப்பான். அது ஏதோ அவன் வழக்கம் என்று நினைத்திருந்தாள். வேலையிலிருந்து வீட்டுக்கு வந்த பழக்கம் என்று இப்போதுதான் தெரிந்தது. தேவநாதன் தோசைக்கல்லின் சூட்டை உள்ளங்கையை மேலே பிடித்துப் பார்த்த விதம், கறியைப் போட்டதும் அதைத் தொடாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற விதம், எல்லாமே வேறொருவனிடமிருந்து வந்தவை என்று அவளுக்குப் பட்டது. பதினெட்டு வருடம் கூட வாழ்ந்தவள் பார்க்காததை இவன் தினமும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

கறியைத் திருப்பிப் போட்டான். மேல்பக்கம் கருஞ்சிவப்பாக முறுகியிருந்தது. ஆள்காட்டி விரலால் அதை அழுத்தினான். பிறகு தன் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதையை அழுத்திப் பார்த்தான்.

"இது என்ன கணக்கு?" என்று கேட்டாள் கலைமதி.

"கட்டவிரல நடுவிரலோட சேத்துப் புடி. இப்ப கீழ அமுக்கிப் பாரு. கறி அப்படி இருந்தா எறக்கிடணும். உங்கப்பா சொல்லிக் குடுத்தது."

கலைமதி தன் கையை அழுத்திப் பார்த்தாள். இன்னொரு தடவையும் அழுத்திப் பார்த்தாள்.

கறியைத் தட்டில் எடுத்து மூடி வைத்துவிட்டு, அதே சூட்டில் வாணலியை ஏற்றி, கல்லில் இறங்கியிருந்த கறிச்சாற்றை அதில் வழித்து ஊற்றினான். வெண்ணெய், நசுக்கிய பூண்டு, கிள்ளிப் போட்ட காய்ந்த மிளகாய், க்ரீம் என்று வரிசையாகப் போயின. பாஸ்தா வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி, துருவிய சீஸ். எல்லாம் சேர்ந்து கெட்டியாகக் கொதித்தது. பாஸ்தாவைக் கொட்டிப் புரட்டி, கறியை மெல்லிசாக அரிந்து மேலே அடுக்கினான். வெளியே வெயில் தணிந்து, உப்புக் குவியல்களின் நிழல் நீளமாக விழுந்திருந்தது. வாடைக்குப் பக்கத்து வீட்டுப் பூனை வந்து நின்றது.

தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு அமலோற்பவம் நெற்றியில் சிலுவை போட்டாள். ஒரு துண்டை எடுத்து மென்றாள். கறி மெத்தென்று பல்லில் அறுபட்டது. க்ரீம் நாக்கில் படிந்தது. மிளகாய் எங்கேயோ ஓர் ஓரத்தில் கடித்துவிட்டுப் போய்விட்டது. தேவநாதன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லாத்தான் இருக்குது" என்றாள். "ஆனா காய்ச்சக்காரனுக்குக் குடுக்கற மாதிரி இருக்குது."

"அதேதான் அவங்களும் சொல்றாங்க. மந்தமா இருக்குன்னு." அவன் அடுப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "அண்ணன் கடைசில ஒரு பொடி போடுவாரு அண்ணி. செவப்பா, மணல் மாதிரி. அவரு போனப்ப பாதி டப்பா இருந்துது. துளித்துளியா வெச்சுப் போன மாசம் வரைக்கும் ஓட்டிட்டேன். தீந்ததும் பெரிய மார்க்கெட் பூரா தேடிட்டேன். எதுவும் அது இல்ல. உங்ககிட்ட எப்பனா சொல்லியிருக்காரா?"

"என்ன டப்பா?"

"பச்ச மூடி போட்ட பால் பவுடர் டப்பா."

கலைமதி நிமிர்ந்து, "அம்மா" என்று ஆரம்பித்தாள். அமலோற்பவம் கண்ணால் அவளை நிறுத்தினாள்.

"கேட்டா என்ன சொல்வாரு?"

"தானே கண்டுபுடிச்சதும்பாரு. அதனாலதான் மொதலாளி வாசல் போர்டுல அவரு பேரையே போட்டாரு. ராஜ் ஸ்டைல் ஸ்டேக் பாஸ்தான்னு."

அமலோற்பவம் தட்டைக் கீழே வைத்தாள். சென்னாக்குன்னி என்ற பொடி இறாலைச் சுடுமணலில்லாமல் வெறுஞ்சட்டியில் வறுத்து, மிளகாயைக் கருக விட்டு, மிளகும் பூண்டும் கல்லுப்பும் வைத்து அவள் இடிக்கும் பொடி அது. சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிடுவார்கள். ரூமில் கூடத் தங்கியிருக்கிற பையன்களுக்கு என்று சொல்லித்தான் ஆரோக்கியராஜ் மாதம் ஒரு டப்பா வாங்கிப் போவான். திரும்பி வரும்போது ஏதாவது குறை சொல்வான். இந்தத் தடவை பூண்டு தூக்கல், மிளகாய் இன்னும் கொஞ்சம் கருகலாம், இன்னும் நைசாக இடி. "ஓசியில தின்றவனுங்களுக்கு இத்தன நொட்டையா" என்று அவள் கத்துவாள். ஆனால் அடுத்த தடவை அவன் சொன்னபடி இடித்தும் கொடுப்பாள். நான்கு வருடம் அப்படி அவன் சொன்னதெல்லாம் யாரோ வெள்ளைக்காரர்களின் தட்டிலிருந்து வந்த சொல் என்று இப்போது புரிந்தது.

கடைசியாக அவன் கிளம்பிய செவ்வாய்க்கிழமை அவள் இடித்துக் கொடுக்கவில்லை. மழைக்கு முன்னால் உப்பை ஒதுக்கிக் கட்டும் வேலையில் தோள்பட்டை இறங்கிப் போயிருந்தது. உன் ரூம்காரனுங்களக் கடையில வாங்கித் திங்கச் சொல்லு என்றாள். அவன் ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு போனான். அப்போதாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று நினைத்தாள். இது உன் பொடி, அந்த ஊரில் இதைத் தேடிக்கொண்டு வருகிறார்கள் என்று ஒரு வார்த்தை. அவன் மேல் கோபம் வந்தது. இந்த ஏழு மாதத்தில் அழுகை வந்திருக்கிறது, பயம் வந்திருக்கிறது, கோபம் இப்போதுதான் வருகிறது. உயிரோடு இருக்கிற மனுஷன் மேல் வருவது போலவே வந்தது.

எழுந்து உள்ளே போய் அடுக்கிலிருந்து டப்பாவை எடுத்து வந்தாள். அடியில் இரண்டு ஸ்பூன் இருந்தது. மூடியைத் திறந்ததும் தேவநாதன் எழுந்து நின்றுவிட்டான். அவள் பொடியை விரல் நுனியில் எடுத்து வாணலியில் தூவிப் புரட்டினாள். வெள்ளையாக இருந்தது இளஞ்சிவப்பாக மாறியது. தனக்கும் மகளுக்கும் இரண்டு தட்டில் போட்டாள்.

இந்தத் தடவை காரம் உடனே வரவில்லை. முதலில் க்ரீம், பிறகு கறி, அதன் பின்னால் கடல் வாடை. விழுங்கின பிறகுதான் தொண்டையில் சூடு ஏறி, காது வரைக்கும் போனது. கலைமதிக்கு மூக்கில் நீர் வடிந்தது. பாவாடை நுனியில் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டில் கை வைத்தாள். "அப்பா இதத்தான் தெனம் செஞ்சாரா?" என்றாள்.

"கொஞ்சம் பாஸ்தா தனியா எடுத்து வெச்சிருக்கியா?" என்று அமலோற்பவம் தேவநாதனைக் கேட்டாள்.

"இருக்குது."

அவள் வேறொரு சட்டியைக் கழுவி ஸ்டவ்வில் வைத்தாள். கறிச்சாறு படாமல் வெண்ணெயும் பூண்டும் க்ரீமும் போட்டு, டப்பாவைக் கவிழ்த்து மிச்சப் பொடியையும் தட்டிக் கொட்டினாள். "இதுல மாட்டுக்கறி இல்ல, எறாலுதான் இருக்குது. சாப்டு."

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிட்டான். நான்கு வருடமாகத் தன் கை பட்டு அனுப்பியதை முதல் தடவையாக ருசி பார்க்கிறவனின் முகத்தை அவள் பார்த்தாள். பாதியில் நிறுத்தித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவ்ளோ காரமா இருக்கும்னு தெரியாது அண்ணி" என்றான்.

"பொடி இடிச்சுத் தர்றேன். ஆனா உன்கிட்ட குடுத்தனுப்ப மாட்டேன். நாளைக்கி காலையில நானே எடுத்துட்டு வர்றேன். இது என் கையிலேர்ந்து வருதுன்னு உங்க மொதலாளிக்கு நீ சொல்லணும்."

தேவநாதன் தட்டைக் கீழே நகர்த்தி வைத்தான். "ஆறு வருஷமா கூட நின்ன எனக்கே தெரியாதான்னு கேப்பாரு. அண்ணன் பொய் சொல்லிட்டாருன்னும் சொல்லுவாரு."

"பொய்தானே சொன்னாரு."

"போர்டுல பேரு?"

"அது இருக்கட்டும். பேர அழிக்க நான் வரல."

"மெட்ராஸ் ஆள வேணாம்பாரான்னு தெரியல அண்ணி."

"தெரியலன்னா என்ன. போய்க் கேப்போம். பஸ்ஸு நமக்கும் நிக்கும் இல்ல."

காலையில் மேஸ்திரியிடம் என்ன சொல்வது என்று அவள் யோசித்தாள். இத்தனை வருடத்தில் காய்ச்சல் தவிர வேறு எதற்கும் வரப்பில் ஆள் குறைய விட்டதில்லை. கலைமதி போய்ச் சொல்லட்டும். ஊருக்குப் போயிருக்கிறாள், வேலையாக என்று சொல்லட்டும்.

சென்னாக்குன்னியைப் புடைத்துத் தூசி எடுத்தாள். விறகடுப்பில் இன்னும் தணல் இருந்தது. காற்று மாறியிருந்ததால் முற்றத்தில் தணல் பறக்குமென்று அதை வாரிக் கொண்டுபோய் உள்ளே மூலையடுப்பில் போட்டாள். இறாலை வறுத்துக் கொட்டிவிட்டு மிளகாயைச் சட்டியில் போட்டாள். முதலில் நிறம் மாறியது, பிறகு ஓரம் கறுத்தது. ஆரோக்கியராஜ் சொன்ன அளவுக்கு இன்னும் கருகவேண்டும். கமறல் எழுந்து தேவநாதன் முதலில் இருமினான். கலைமதி புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் மூன்று பேருமே வேலியோரம் நின்று இருமிக்கொண்டிருந்தார்கள். வீட்டு வாசலிலிருந்தும் கூரை இடுக்கிலிருந்தும் புகை வெளியே வந்தது. அதற்கு அப்பால் உப்பளங்களில் தேங்கிய தண்ணீர் மேல் கடைசி வெளிச்சம் இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து யாரோ ஒரு பெண்பிள்ளை "என்னாடி வறுக்கற?" என்று கேட்டாள்.

"எறக்கிடலாம் அண்ணி. கருகிடும்" என்றான் தேவநாதன், கண்ணைத் துடைத்தபடி.

"இரு. இன்னும் கொஞ்சம்."

அவள் வாசலையே பார்த்துக்கொண்டு, உள்ளே சட்டியில் மிளகாய் வெடிக்கும் சத்தத்தைக் கேட்டாள். பிறகு முந்தானையை மூக்கோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்தபடி புகைக்குள் போனாள்.