நேற்றுதான் வந்த காய்ச்சல்

பஸ்ஸில் பாடம் நடந்துகொண்டிருந்தது. வாத்தியார் அப்பா. மாணவி அவன் மடியில் சாய்ந்திருந்த ஐந்து வயது மகள்.

"எப்ப காய்ச்சல் வந்துச்சுன்னு டாக்டர் கேட்டா என்ன சொல்லணும்?"

"நேத்து."

"நேத்து எப்ப?"

"நேத்து சாயங்காலந்தான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி நல்லா விளையாண்டேன்."

"சபாஷ். வேற டாக்டர்கிட்ட போனீங்களான்னு கேட்டா?"

"போகல."

"அவ்வளவுதான். இதை அப்படியே கரெக்டா சொல்லிட்டீன்னா, வீட்டுக்குப் போறப்ப ஊஞ்சல். சரியா?"

பிள்ளை தலையை மட்டும் ஆட்டினாள். வீட்டில் அவளுக்குப் பேர் வாண்டு. அந்தப் பேரை ஒரு நாளும் கெடுத்ததில்லை. நல்ல நாளில் பஸ்ஸில் ஏறினால் கம்பியைப் பிடித்துத் தொங்குவாள், முன்சீட்டுக்காரரின் தொப்பியைத் தொட்டுப் பார்ப்பாள், இறங்குவதற்குள் அம்மாவைத் தலையால் தண்ணீர் குடிக்க வைத்துவிடுவாள். இன்றைக்குத் துவைத்துப் போட்ட துணி மாதிரி கிடந்தாள். எதிர்சீட்டில் இருந்த பெண்மணி, எவ்வளவு சமர்த்து என்பதுபோல் பார்த்துச் சிரித்தாள். அம்மாவும் பதிலுக்குச் சிரித்துவைத்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

காய்ச்சல் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய சில வாரங்களிலேயே தபாலில் ஒரு தாள் வந்திருந்தது. உங்கள் குடும்பத்துக்கு ஒரு டாக்டரைத் தேர்ந்தெடுத்துப் பதிந்துகொள்ளுங்கள், தும்மலோ தலைவலியோ முதலில் அவரிடம்தான் போக வேண்டும் என்று போட்டிருந்தது. கணவன் படித்துவிட்டுச் சிரித்தான்.

"ஒரே டாக்டராமே! பொண்ணு பாக்கறதுக்கே நாலு இடம் போறோம். நாலு பேரைப் பாத்தாத்தான் யாரு கைராசிக்காரர்னு தெரியும்."

தாள் மேசை இழுப்பறைக்குள் போனது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததும் கைராசி தேடும் படலம் தொடங்கியது.

முதல் டாக்டர் உயரமான அம்மா. தொண்டையைப் பார்த்தார். வைரஸ் காய்ச்சல்தான், நிறையத் தண்ணீர் கொடுங்கள், மூன்று நாளில் விடாவிட்டால் மறுபடி என்னிடமே கொண்டுவாருங்கள் என்றார். ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. "தண்ணி குடுக்கச் சொல்றதுக்கு ஒரு டாக்டரா? அதை நானே சொல்லுவேனே!" என்று கணவன் வழியெல்லாம் பொருமினான். மறுபடி வரச் சொன்னதுதான் அவனுக்கு ரொம்பவும் உறைத்தது. ஒரு தடவையில் தீர்க்கத் தெரியாதவர் இரண்டாவது தடவை மட்டும் என்ன கிழித்துவிடப் போகிறார்?

காய்ச்சல் விடவில்லை. ஆகவே வேறு பகுதியில் வேறு கிளினிக். அங்கே இளவயது டாக்டர். வயிற்றில் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்ததைப் பார்த்து, சோப்பு ஒத்துக்கொள்ளவில்லையோ என்றார். அதன் பிறகு மூன்றாவது கிளினிக். தடிப்பு மறைந்து, கண் இரண்டும் சிவந்திருந்தன. அந்தப் பெரியவர் கண்ணுக்குச் சொட்டு மருந்து எழுதினார். மூன்று பேருமே எப்போது வந்தது என்று கேட்டார்கள். மூன்று பேருக்கும் கணவன் ஒரே பதிலைத்தான் சொன்னான். நேற்று.

அவன் புளுகன் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அவனுடைய அப்பா படுக்கையில் கிடந்த காலத்தில், வேறு டாக்டரிடமும் காட்டினோம் என்று ஒரு பெரிய டாக்டரிடம் வெகுளித்தனமாகச் சொல்லப்போய், அவர் மருந்துச் சீட்டை முகத்தில் விட்டெறிந்து, "அப்ப அவர்கிட்டயே போங்க" என்று வெளியே அனுப்பிவிட்டார். அன்றைக்கு நடுக்கூடத்தில் குனிந்து அந்தச் சீட்டைப் பொறுக்கியவன் இவன்தான். அந்தச் சூடு ஆறவே இல்லை. டாக்டரிடம் இன்னொரு டாக்டரைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது என்பது அவனுக்கு வேதவாக்காகிவிட்டது.

மனைவி தடுத்தாளா என்றால், இல்லை. அவளுக்கு இந்த ஊர் மொழியில் நன்றியும் மன்னிப்பும் மட்டும் தெரியும். கணவன் பெட்டி ஏற்றும் கிடங்கில் நாலு பேரோடு பேசிப் பழகி, மடமடவென்று பேசுவான். அவள் ஓட்டல் லாண்டரியில் ஈரம் காயாத விரிப்புகளை மடித்துக்கொண்டிருப்பாள். அங்கே பேச்சுக்கு வேலையில்லை. விரிப்பின் இரண்டு முனையை அவள் பிடிப்பாள், எதிரே நிற்பவள் மற்ற இரண்டு முனையைப் பிடிப்பாள், முகத்தைப் பார்த்தே மடித்துவிடுவார்கள். டாக்டர் அறையிலும் அப்படியே முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் பங்குக்குச் செய்ததும் ஒன்று உண்டு. ஒவ்வொரு தடவையும் கிளம்புமுன் பிள்ளைக்கு முகம் துடைத்து, தலை வாரி, பவுடர் போட்டு, வெடித்த உதட்டுக்கு வாசலின் தடவி, நல்ல சட்டை மாட்டுவாள். வழியில் அனத்தக்கூடாது என்று காய்ச்சல் மருந்தும் ஒரு மூடி புகட்டுவாள். அழுக்கும் அழுகையுமாகப் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தினால், என்ன பிள்ளை வளர்க்கிறார்கள் என்று நினைத்துவிட மாட்டார்களா? இன்று காலையிலும் ஒன்று குறையாமல் எல்லாம் செய்தாள். ஷூ மட்டும் காலில் நுழையவில்லை. போன மாதம் வாங்கிய ஷூ. பிள்ளை வளர்கிறாள் என்று ஒரு கணம் உச்சி குளிர்ந்துபோனாள். செருப்பை மாட்டித் தூக்கிக்கொண்டாள்.

இந்தத் தடவை கிளினிக் இல்லை, பெரிய ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவின் கூடத்தில் காத்திருந்தார்கள். மற்ற பிள்ளைகள் கூரை இடிந்து விழும்படி அழுதன. வாண்டு அழவில்லை. நர்ஸ் காதில் கருவியை வைத்துச் சூடு பார்த்தாள். லேசான சூடுதான். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போய்விட்டாள். அழுத பிள்ளைகள் எல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே போயின. அம்மா மட்டும் மடியில் கிடந்த தலையைத் தடவிக்கொண்டு, அழுடி, கொஞ்சமாவது அழுடி என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் கூப்பிட்டார்கள். குட்டையாக முடி வெட்டிய ஒரு பெண் டாக்டர். கணவன் பேசத் தொடங்கியதுமே அவர் கையை உயர்த்தி நிறுத்தி, ஒரு போனை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். அதிலிருந்து தமிழ் கேட்டது.

"வணக்கம்மா. நான் மொழிபெயர்ப்பாளர். இந்த அறையில யாரு என்ன பேசினாலும் அதை அப்படியே மாத்திச் சொல்லுவேன். அம்மாகிட்டயும் நேரா பேசணும்னு டாக்டர் சொல்றாங்க."

"நான்தான் பேசுறேனே, எதுக்குப் போனு?" என்று கணவன் முனகினான். அதையும் அந்தக் குரல் அப்படியே மாற்றிச் சொன்னது. டாக்டர் அவனைப் பார்த்துப் புன்னகைத்தார். அவன் காது சிவந்துவிட்டது.

எப்போது வந்தது? நேற்று. வேறு யாரிடமாவது காட்டினீர்களா? இல்லை. டாக்டர் வயிற்றை அமுக்கினார். தடிப்பு இல்லை. கண்ணைப் பார்த்தார். சிவப்பு வடிந்திருந்தது. பிறகு பிள்ளையின் பக்கம் குனிந்து ஏதோ கேட்டார். போன் கேட்டது:

"பாப்பா, உனக்கு எப்பலேர்ந்து உடம்பு சுடுது?"

வாண்டு கண்ணைத் திறந்தாள். அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு குரலில், ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தாள்.

"நேத்து சாயங்காலந்தான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி நல்லா விளையாண்டேன்."

டாக்டர் தலையசைத்தார். எழுதினார். வைரஸ்தான், தண்ணீர் கொடுங்கள் என்று போன் சொல்லத் தொடங்கியது. கிளம்பலாம் என்று புரிந்தது. அம்மா பிள்ளையைத் தூக்கக் கையைப் பிடித்தாள். விரல் நுனியில் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து, அவள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

அதைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். கால் வளரவில்லை, வீங்கியிருக்கிறது.

"பொய்!" என்று கத்தினாள். "பொய்யி, எல்லாம் பொய்யி! நேத்து வரலைங்க!"

"ஏய், வாயை மூடு" என்றான் கணவன்.

அதையும் போன் மொழிபெயர்த்தது. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, கணவனைப் பார்த்து, பொறுங்கள் என்று கையைக் காட்டினார். அவள் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவள் கொட்டினாள். எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது என்று தெரியவில்லை.

"ஒரு வாரத்துக்கு மேல ஆச்சுங்க. மூணு டாக்டர் பாத்தாச்சு. வயித்துல தடிப்பு இருந்துச்சு, போயிடுச்சு. அப்புறம் கண்ணு செவந்துச்சு, அதுவும் போயிடுச்சு. காய்ச்சல் மட்டும் ஒரு நாள் கூட விடலைங்க. நான்தான் மருந்து குடுத்துக் கூட்டிட்டு வந்தேன், அதான் சுடல. இருங்க, இந்த உதட்டைப் பாருங்க..."

துப்பட்டா நுனியால் பிள்ளையின் உதட்டில் தடவியிருந்த வாசலினைத் துடைத்தாள். வெடிப்பு வெடிப்பாக, உள்ளே ரத்தம் உறைந்திருந்தது. முகத்துப் பவுடரையும் துடைத்தாள். அடியில் இருந்த முகத்தை அவளாலேயே பார்க்க முடியவில்லை. அலங்காரம் பண்ணி, அலங்காரம் பண்ணி, நோயை அவளே மறைத்திருக்கிறாள். அதற்குள் போன் குரல் மூச்சுவாங்கிக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடிவந்துகொண்டிருந்தது.

டாக்டர் திட்டுவார் என்று காத்திருந்தாள். சீட்டை முகத்தில் எறிவார் என்று கணவன் தலையைக் குனிந்துகொண்டான். டாக்டர் எதையும் எறியவில்லை. நாக்கைப் பார்த்தார், விரல்களைப் பார்த்தார், சுவரிலிருந்த பட்டனை அழுத்தினார். இரண்டு பேர் ஓடிவந்தார்கள். ஒருத்தி கையில் ஊசி குத்தி மருந்துப் பையைத் தொங்கவிட்டாள். இன்னொருத்தி ஒரு மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"தடிப்பு, கண்ணு, உதடு, கால்வீக்கம், எல்லாம் ஒரே நோய்தாம்மா" என்றது போன். "ரத்தக் குழாயெல்லாம் வீங்குற நோய். இதயத்துக்குப் போற குழாயையும் விடாது. சீக்கிரம் கண்டுபிடிச்சு இந்த மருந்தைக் குடுத்தா பெரும்பாலும் இதயத்தைக் காப்பாத்திடலாம். இப்பவும் குடுக்கறாங்க. ஆனா இதயத்தைப் பாத்துட்டுத்தான் சொல்ல முடியுமாம்." டாக்டர் இன்னொன்றும் கேட்டார். "முதல்ல பாத்த டாக்டர், திரும்ப அவங்ககிட்டயே வரச் சொல்லலையான்னு கேக்கறாங்க."

கணவன் பதில் சொல்ல வாயெடுத்தான். மடமடவென்று பேசுகிற அந்த மொழி அவனைக் கைவிட்டுவிட்டது. தமிழில்தான் வந்தது.

"சொன்னாங்க. மறுபடி வாங்கன்னா, வைத்தியம் தெரியலன்னு நெனச்சேங்க. தெரியாமத்தான் வரச் சொல்றாங்கன்னு..."

முடிக்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டான். அவளுக்கு அவனை அடிக்க வேண்டும்போல் இருந்தது. அவனைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. ஒரு கையில் பிள்ளையின் கால் இருந்ததால் இரண்டையும் செய்யவில்லை.

டாக்டர் பிள்ளையின் நெஞ்சில் ஜெல்லைத் தடவி, கருவியை வைத்து அழுத்தினார். திரையில் கறுப்பும் சாம்பலுமாக ஏதோ துடித்தது. டாக்டர் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் இறுகியது. லாண்டரியில் முகத்தைப் பார்த்தே வேலை செய்து பழகியவளுக்குப் போனும் வேண்டியிருக்கவில்லை, மொழியும் வேண்டியிருக்கவில்லை.

"ஒரு குழாய் வீங்கியிருக்கு" என்றது போன், மெல்ல. "வடியுமா, அப்படியே நின்னுடுமான்னு இப்ப சொல்ல முடியாதாம். மாசக்கணக்குல பாக்கணுமாம். இனிமே எங்கயும் போகாதீங்க, ஒவ்வொரு தடவையும் என்கிட்டயே வாங்கன்னு சொல்றாங்க."

அவள் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. வாண்டு கண்ணைத் திறந்தாள். நெஞ்சில் ஒட்டியிருந்த வயர்களைப் பார்த்தாள், கையில் குத்தியிருந்ததைப் பார்த்தாள், பிறகு சுவரோரம் நின்ற அப்பாவைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"அப்பா, நான் கரெக்டாத்தானே சொன்னேன்?" என்றாள். "ஊஞ்சலுக்குப் போலாமா?"

என்ன கேட்கிறாள் என்று டாக்டர் போனைப் பார்த்தார். எல்லாவற்றையும் அப்படியே சொல்கிற குரல், முதல் தடவையாக, ஒன்றும் சொல்லாமல் இருந்தது.

கணவன் சுவரை விட்டு வந்தான். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். டாக்டரின் முகத்தை நேராகப் பார்த்து, அந்த ஊர் மொழியிலேயே, பஸ்ஸில் தான் சொல்லிக்கொடுத்ததையும், ஊஞ்சலையும், பிள்ளை இப்போது கேட்பதையும், ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னான்.