கால் பங்கு

காலையில் ஊசி போட்ட பிறகு, மதியம்தான் தையல்காரர் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த துண்டுச்சீட்டைப் பிரித்துப் பார்த்தார். ‘வாரம் ஒரு தடவை, ஐந்து கோடு’ என்று மருந்துக்கடைக்காரர் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். சர்க்கரையும் எடையும் குறைய மனைவிக்கு இவர் ஏற்றியது இருபத்தைந்து கோடு.

நேற்று கடைக்காரர் விளக்க வாயெடுத்தபோதே, “அளவு விஷயத்துல எனக்கேவா?” என்று கையமர்த்திவிட்டு வந்தவர் இவர். முப்பது வருஷமாக அங்குலத்தைக் காலும் அரையுமாகப் பிரித்துப் பிழைக்கிற மனிதர். டாக்டர் சீட்டில் 0.25 என்று இருந்தது. அதாவது கால். சிரிஞ்சில் நூறு கோடு. நூறில் கால், இருபத்தைந்து. கணக்கு கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. யாரிடமும் கேட்கத் தோன்றவே இல்லை.

கடைக்குப் போன் போட்டு, ஏற்றிய அளவைச் சொன்னார்.

“ஐயையோ, அஞ்சு மடங்கு போயிருக்குங்க! டாக்டர் எழுதினது மில்லிகிராம் கணக்கு, சிரிஞ்சுல கால் இல்ல.”

“திரும்ப எடுக்க வழியில்லையா?”

“அதெப்படி எடுக்கிறது? வாரக்கணக்குல உடம்புலயே நிக்கும். வாந்தி ஆரம்பிச்சா லேசுல நிக்காது. சக்கரை மாத்திரை வேற சாப்பிடுறாங்க, சட்டுனு சக்கரை இறங்கினாலும் இறங்கிரும். பேசிட்டு நிக்காம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. மருந்துப் பெட்டியையும் எடுத்துக்குங்க.”

தையல்காரர் போனை வைத்தார். மறைத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார். அப்படி நினைத்ததற்காகவே தன்மேல் வெறுப்பு வந்தது.

சாப்பாட்டு மேஜையில் மனைவி தட்டை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள். சர்க்கரைக்கும் எடைக்கும் சேர்த்து டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் முகத்தில் இப்படியொரு தெளிவை அவர் பார்த்ததில்லை.

“என்னங்க, மருந்துன்னா இதுதான் மருந்து. மணி ரெண்டாச்சு, பசியே எடுக்கல.”

“கிளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“எதுக்கு? நல்லாத்தானே இருக்கேன்?”

“அளவைத் தப்பாப் போட்டுட்டேன். ரொம்ப அதிகமாப் போயிருச்சு.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

“யாரு, நீங்களா? போங்க, வேற யார்கிட்டயாவது போய் விளையாடுங்க.”

சிரித்துக்கொண்டே எழுந்தவள், பாதியில் நின்று, இரண்டு கைகளாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.