சுவருக்குக் கீழே உள்ள படம்

எங்கள் டெச்சிமான் ஊர் இமெயில் கடையில் இருந்த மோடம் ஒரு சனியன். மழை பெய்தால் லைனில் இரைச்சல். வெயில் அடித்தால் பக்கத்து அறையில் முதலாளியின் மனைவி அதே லைனில் ஃபோனை எடுத்து அரட்டையைத் தொடங்கிவிடுவாள். எதுவானாலும் இணைப்பு அறுந்துபோகும், இறங்கிக்கொண்டிருந்தது மறுபடி முதலிலிருந்து வரும்.

சந்தையில் வாழைக்காய் சுட்டு விற்கும் செர்வா சில நாட்களாக என் எதிர் பெஞ்சிலேயே கிடந்தாள். அவள் மகன் ஒப்போங் பாலைவனம் தாண்டி லிபியாவுக்கு வேலைக்குப் போனவன். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. இப்போது அவன் கூட்டாளி ஒரு படம் அனுப்பியிருந்தான். கூடவே ஒரே வரி: ‘மாமாவிடம் காட்டவும்.’

“மாமாகிட்ட காட்டணும்னா வேற என்ன, பொண்ணு பாத்துட்டான்,” என்றாள் செர்வா. “எங்கண்ணன் சரின்னு சொல்லாம கல்யாணம் ஏது? ஆனா முதல்ல நான் பாத்துடறேன். அந்தக் கிழவன் குறை சொல்றதுக்குன்னே பொறந்தவன்.”

நானும் அப்படித்தான் நினைத்தேன். படம் மேலிருந்து கீழே துண்டு துண்டாகத்தான் இறங்கும். அதுவரை ஒரு மண்சுவரைத் தாண்டி வந்ததேயில்லை.

அன்று முதலாளியம்மாவின் ஃபோன் ஒயரைப் பிடுங்கி மேஜைக்குள் ஒளித்துவைத்தேன். சுவரில் லைன் வரும் பெட்டியைத் திறந்து ஈரத்தைத் துடைத்தேன். வேகத்தைக் குறைத்துவைத்து டயல் செய்தேன். மோடம் கீச்சிட்டது.

செர்வா தலையைச் சாய்த்துக் கேட்டாள். “இப்ப கரகரங்கும்... ஆங், அடங்கிடுச்சு. பிடிச்சுக்கிச்சு.”

“பேசாம நீங்களே இங்க வேலைக்கு வந்துடுங்கம்மா.”

“வரத்தான் வேணும். உன் மூஞ்சியப் பாத்தா வர்ற ஆளும் ஓடிடறான்.”

திரை என் பக்கம் இருந்தது. சுவர் வந்தது. பிறகு ஒரு கட்டிலின் இரும்புக் கம்பி. பிறகு நெற்றி. சின்ன வயதில் பந்து விளையாடும்போது நான் தள்ளிவிட்டு ஒப்போங்குக்கு விழுந்த தழும்பு அதில் இருந்தது. கண்கள் மூடியிருந்தன. அதற்குக் கீழே மூக்கு, இரண்டு துளையிலும் பஞ்சு.

திரையை அணைத்தேன்.

எங்களில் சாவுச் செய்தியைத் தாயிடம் நேராகச் சொல்ல மாட்டோம். மாமனிடம் சொல்ல வேண்டும். அவர் பெரியவர்களோடு வந்து, அவள் சாப்பிட்டாளா என்று விசாரித்து, அப்புறம்தான் வாய் திறப்பார். அந்த ஒற்றை வரி எதற்கென்று என் மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது.

“லைன் போயிடுச்சும்மா. சாயந்திரம் மாமாவக் கூட்டிட்டு வாங்க. சாப்பிட்டீங்களா?”

கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

செர்வா மோடத்தையே பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“லைன் போனா டக்குனு ஒரு சத்தம் கேக்கும். கேக்கல,” என்றாள். “நான் சாப்பிடல. திரையப் போட்டு இந்தப் பக்கம் திருப்பு.”

திருப்பினேன். படம் மார்பைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பார்த்து அந்தச் சனியன் ஒருமுறைகூட அறுந்து தொலைக்கவில்லை.