ஆயில் வேறு, எண்ணெய் வேறு

ஐவியின் வீட்டில் கிறீச்சென்று சத்தம் போடும் உரிமை எந்தச் சாமானுக்கும் கிடையாது. கதவுக் கீல் முனகினால் தேங்காயெண்ணெய். பூட்டு முரண்டு பிடித்தால் தேங்காயெண்ணெய். தையல் மிஷின், சைக்கிள் செயின், முட்டிவலி, எல்லாவற்றுக்கும் அதே பாட்டில்தான். தலைக்குக் கேட்கவே வேண்டாம். ஐம்பத்திரண்டு வயதில் பின்னல் இடுப்பைத் தாண்டித் தொங்கியதென்றால் சும்மாவா? வெள்ளை முக்காட்டில் கறை பட்டுவிடும் என்று அவள் அம்மா கெஞ்சியும், எண்ணெய் வைத்துக்கொண்டுதான் கல்யாணத்தன்று பாதிரியார் முன்னால் போய் நின்றாள்.

அவள் கணவர் கிதியோன் கடற்படையில் டைவர். இருபத்திரண்டு வருஷம் கப்பல்களுக்கு அடியில் வேலை பார்த்துவிட்டு, ரிட்டயராகி, மனைவி பிறந்து வளர்ந்த போலாரத்துக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று பழைய ராணுவக்காரர்களின் காலனியான சைனிக்புரியில் வீடு கட்டினார். கடல் எங்கே, சைனிக்புரி எங்கே! ஒரு வருஷம் மனிதர் ஈஸிசேரிலேயே கிடந்தார். பேப்பரை மடி மேல் வைத்திருப்பார், பிரிக்க மாட்டார். ஒருநாள் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். அதையும் வாய் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். ஐவி அப்போதுதான் பயந்துபோனாள். கத்துகிற புருஷனைச் சமாளிக்கலாம், இப்படி இருக்கிறவரை என்ன செய்வது?

எண்பத்தாறாம் வருஷக் கோடையில் விசாகப்பட்டினத்தில் ஏதோ ஏலம் என்று போனவர், ஒரு லாரியோடு திரும்பி வந்தார். லாரியில் பழைய கம்ப்ரஸர். தண்ணீருக்குள் மூச்சு விடுவதற்கான காற்றை இறுக்கி, சிலிண்டரில் அடைக்கிற இயந்திரம். அது ஐவியின் துணி துவைக்கும் கொட்டகைக்குள் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டது.

"கைக்கு? எதுக்கு இந்த எழவு? நான் துணிய எங்க போயி துவைப்பேன்? உங்க மண்டையிலயா?" என்று போலாரத்துப் பேச்சும் தமிழுமாக மூன்று நாள் கத்தினாள். உள்ளுக்குள் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மனிதர் அதிகாலையில் எழுந்து விசிலடித்துக்கொண்டு ஸ்பானரைத் தேடினார். குழம்பில் உப்புக் கூடிப்போச்சு என்று தட்டைத் தள்ளினார். ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் அவரைத் திட்டினாள்.

முதல் தடவை அடைத்த காற்றைக் கிதியோன் மூக்கில் பிடித்துப் பார்த்து, "ஐவி, இன்னிக்கு நெத்திலிக் கருவாடா?" என்றார். கம்ப்ரஸர் காற்றை உறிஞ்சும் குழாய் அடுப்படி ஜன்னலுக்கு நேராக இருந்தது. மறுநாள் அதை மூங்கிலில் கட்டி மொட்டைமாடிக்கு மேலே ஏற்றினார். எதிர்வீட்டுப் பகவதியம்மாள் காலி சமையல் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து, "இங்க காஸ் அடைக்கிறீங்களாமே, நமக்கும் ஒண்ணு" என்றாள். அவளை உட்கார வைத்துப் புரிய வைப்பதற்குள் இரண்டு டம்ளர் காபி தீர்ந்தது.

வெறும் காற்றோடு கிதியோன் நிற்கவில்லை. அதில் ஆக்ஸிஜனைக் கொஞ்சம் கூட்டிக் கலந்தால், அறுபது எழுபது அடி ஆழத்தில் இன்னும் அரைமணி நேரம் பத்திரமாக இருக்கலாம். கடற்படையில் செய்து பழகிய வேலை. முதலில் பெரிய ஆக்ஸிஜன் சிலிண்டரிலிருந்து பித்தளைக் குழாய் வழியாகத் தன் சிலிண்டருக்குள் அளவாகக் கொஞ்சம் விட வேண்டும். பிறகு கம்ப்ரஸர் காற்றால் நிரப்ப வேண்டும். கொட்டகைச் சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்தார்: 'ஆயில் கூடாது.'

கம்ப்ரஸர் ஓடினால் தெருவே அதிர்ந்தது. மத்தியானத் தூக்கம் கெட்ட ரிட்டயர்டு மேஜர்களும் சுபேதார்களும் காலனிச் செயலாளர் சுந்தரேசனிடம் போய் நின்றார்கள். அவர் ராணுவத்தில் சுபேதார் மேஜராக இருந்தவர். சிரித்துக்கொண்டேதான் பேசுவார், சொன்ன சொல்லிலிருந்து இம்மி நகர மாட்டார்.

"மிஸ்டர் கிதியோன், கல்குவாரியில நம்ம தண்ணி பம்பு மிதவையோட முழுகி பத்து நாளாச்சு. எழுபது அடி. தெருவே வாளியத் தூக்கிட்டு லாரி பின்னாடி ஓடுது. வர்ற சனிக்கிழமை பம்ப எடுத்துக் குடுங்க, மெஷின் காலத்துக்கும் இருக்கட்டும். இல்லேன்னா திங்கட்கிழமை காயலான் கடைக்குப் போயிடணும். சம்மதமா?"

"சம்மதம்" என்றார் கிதியோன்.

ஐவிக்குத் திக்கென்றது. மெஷின் போனால் போகட்டும், சனியன். ஆனால் அதோடு சேர்ந்து மனிதர் மறுபடி ஈஸிசேருக்குப் போய்விடுவாரே!

வெள்ளிக்கிழமை மத்தியானம் கிதியோன் கயிறு பார்க்கக் குவாரிக்குப் போயிருந்தார். காலையெல்லாம் ஆக்ஸிஜன் குழாயின் பித்தளை நட்டோடு மல்லுக்கட்டி அவர் உள்ளங்கை சிவந்திருந்ததை ஐவி பார்த்திருந்தாள். ஐயோ பாவம், நாளைக்கு ஊர் முன்னால் இது திருகிக்கொண்டு நின்றால் மானம் போய்விடுமே என்று கொட்டகைக்குள் போனாள். சுவரில் எழுதியிருந்ததை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தாள். கம்ப்ரஸருக்கு ஊற்றும் ஆயில் டின் மூலையில் இருந்தது. அதைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். அப்புறம் அடுப்படிக்குப் போய் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வந்து, நட்டின் மரைக்குள் நாலு சொட்டு விட்டுத் திருகிப் பார்த்தாள். வெண்ணெய் மாதிரி ஓடியது. சொல்லிக் காட்ட வேண்டாம், செய்ததே போதும் என்று திருப்தியாகக் கதவைச் சாத்தினாள்.

சனிக்கிழமை காலை தெருவே கொட்டகை வாசலில் கூடிவிட்டது. ஐவி தட்டு நிறையக் காபியோடு வந்தாள். கிதியோன் குழாயின் நட்டை ஆக்ஸிஜன் சிலிண்டரில் மாட்டித் திருகினார்.

"அடடே, இன்னிக்கு நல்ல பிள்ளையா வருதே!" என்று அதைத் தட்டிக் கொடுத்தார். வாசனை வரவில்லையா என்று கேட்பீர்கள். அந்த வீட்டில் தேங்காயெண்ணெய் வாசனை எங்கிருந்து வருகிறது என்று யாரும் தேடுவதில்லை.

அவர் ஆக்ஸிஜன் சிலிண்டரின் திருகுபிடியில் கை வைத்தபோது சுந்தரேசன் கேட்டார்: "என்ன சார், தலை இப்படிக் காஞ்சு கிடக்கு? சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் இல்லையா?"

"இந்த வேலைக்கு எண்ணெயே ஆகாது சார். இவ்வளவு அழுத்தத்துல ஆக்ஸிஜன் வரும்போது ஒரு சொட்டு பட்டாப் போதும், தீக்குச்சி வேண்டாம், தானாப் பத்திக்கும். தலையில வைக்கிற தேங்காயெண்ணெயா இருந்தாலும் சரி."

ஐவியின் காதில் அது விழுந்தது. இப்போது நிறுத்தினால் இன்றைக்கு டைவ் கிடையாது. திங்கட்கிழமை காயலான் கடை. அப்புறம் அந்த ஈஸிசேர். கிதியோனின் விரல்கள் இறுகின.

"நக்கோ! வேண்டாம்!"

தட்டு கீழே விழுந்து காபி நாலா பக்கமும் தெறித்தது. "தொறக்காதீய! கைய எடுங்க! நான் அதுல எண்ணெ விட்டிருக்கேன்!"

கிதியோன் கையை எடுத்தார். மெதுவாக நட்டைக் கழற்றி, வெள்ளைக் கைக்குட்டையால் மரையைத் துடைத்தார். கைக்குட்டையில் எண்ணெய்க் கறை. முகர்ந்து பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் கடலுக்குப் பயப்படாத மனிதர் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐவி, சுவத்துல அவ்வளவு பெரிசா எழுதி வச்சிருக்கேனே!"

"ஆயிலுதான கூடாதுன்னு எழுதியிருக்கிய! நான் ஆயில் டின்ன வெளிய தூக்கி வச்சேனே! இது தேங்காயெண்ணெ இல்லியா? திங்கிற பொருளு!" என்றவள் அதற்குமேல் முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "நான் உங்களக் கொல்லப் பாத்தேனே!"

கூட்டத்தில் யாரோ முதலில் சிரித்தார்கள். பகவதியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "சரிதானே? ஆயில்னா மெஷினுக்கு. எண்ணெய்னா நமக்கு. சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே!" என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

கிதியோன் எழுந்து வந்து மனைவியின் கையைப் பிடித்தார். "தப்பு என்னோடது. நேவி பாஷைய வீட்டுச் சுவத்துல எழுதினேன்." பிறகு சுந்தரேசனைப் பார்த்தார். "இன்னிக்கு முடியாது சார். எல்லாத்தையும் கழுவாம ஆக்ஸிஜனைத் தொறக்க முடியாது, வெறும் காத்துல அவ்வளவு நேரம் அடியில நிக்க முடியாது. சொன்ன சொல் சொன்னதுதான். திங்கட்கிழமை மெஷினை ஏத்திடறேன்."

ஐவி கண்ணைத் துடைத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாள். "ஏத்த விடமாட்டேன். எண்ணெ விட்டது நான். ஏத்தறதுன்னா என்னைய ஏத்துங்க லாரியில!"

சுந்தரேசன் மீசையைத் தடவினார். "அம்மா, இப்ப நிறுத்தினா மெஷின் போயிடும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஊர் முன்னாடி கத்தினீங்க. எனக்கு இத்தனை நாள் சத்தம் ஒரு பக்கம், இந்த வீடு என்னிக்கு வெடிக்குமோன்னு பயம் ஒரு பக்கம். இப்படிக் கத்த ஒரு ஆள் இருந்தா எனக்குப் பயமில்ல. அடுத்த சனிக்கிழமை. அதுவரைக்கும் வாளியத் தூக்குவோம்."

அந்த வாரம் ஐவிக்கு ஓய்வே இல்லை. அதன் வாயிலும் எண்ணெய் பட்டிருக்கலாம் என்று பெரிய சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கி வந்தார்கள். நட்டு, குழாய், மரை ஒவ்வொன்றையும் அவளே வெந்நீரும் சோப்புமாக ஏழு தடவை கழுவி, கிதியோன் போதும் போதும் என்ற பிறகும் எட்டாவது தடவை கழுவினாள். சுவரில் அவர் எழுதியதற்குக் கீழே தன் கையால் எழுதினாள்: 'தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், கடலையெண்ணெய், நெய், வெண்ணெய், எதுவும் கூடாது. கேட்காமல் தொடக்கூடாது. ஐவி, நீயும்தான்.'

மறு சனிக்கிழமை குவாரிக் கரையில் தெருவே நின்றது. கிதியோன் இறங்கி முக்கால் மணி நேரமாயிற்று. பச்சைத் தண்ணீரில் குமிழிகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. ஐவி ஒவ்வொரு குமிழியையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கயிறு மூன்று தடவை ஆடியது. ஆட்கள் கூச்சல் போட்டு இழுக்க, சேறு அப்பிய பம்பு எருமை மாதிரி மெல்ல மேலே வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதன் பின்னாலேயே கிதியோனின் தலையும் வந்தது.

அவர் வாய்க்குழாயைக் கழற்றினார். பம்பைப் பார்க்கவில்லை, கை தட்டியவர்களைப் பார்க்கவில்லை. கரையில் நின்ற மனைவியைத்தான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் தலைமுடி ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் காற்றில் வைக்கோலாகப் பறந்துகொண்டிருந்தது.

"என்ன ஐவி இது, தலை இப்படி?"

"ஒரு வாரமா வைக்கல. கழுவுறப்ப என் தலையிலருந்து எதுவும் ஒட்டிட்டுதுன்னா?" என்று கூந்தலை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அத விடுங்க. காத்து எப்படி இருந்துது? வாசன ஏதும் வந்துதா?"

"ஒண்ணும் வரல" என்றார் கிதியோன். தண்ணீரில் நின்றபடியே முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டார். "நீ பக்கத்துல இல்லாத மாதிரி இருந்துது. வீட்டுக்குப் போனதும் முதல்ல போய் எண்ணெய் வை."