கண்டனக்காரர் கேட்ட கோயில் பெயர்

பேரரசர் காலமாகி நாற்பது நாள் ஆகியிருந்தது. உயிரோடு இருக்கும் பேரரசருக்குக் கோயில் பெயர் கிடையாது. கண்ணை மூடிய பிறகு, அவர் ஆண்ட விதத்தை எடைபோட்டுச் சடங்குத் துறையினர் ஒரு பெயர் சொல்வார்கள். மகன் ஒப்புக்கொண்டால் மூதாதையர் கோயிலில் பலகையில் ஏறும். அப்புறம் ஆயிரம் வருஷமானாலும் அவருக்கு அதுதான் பெயர். சப்பென்ற பெயர் கிடைத்தவர் சப்பென்ற ஆளாகவே கிடக்க வேண்டியதுதான்.

கெங் போசுய்க்கு அதுதான் கவலை. கண்டனத் துறையில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவர் அவர். பேரரசர் செய்யும் தப்பையெல்லாம் எழுத்தில் எடுத்துச் சொல்வது அந்தத் துறையின் வேலை. அப்படிப்பட்டவர் அன்று காலை தினைக்கஞ்சியைக்கூடத் தொடாமல், துக்கத்துக்கான வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

“ஏங்க, அந்த மனுஷன் இருந்தவரைக்கும் ஒரு வாய் நிம்மதியா திங்க விட்டீங்களா?” என்றாள் மனைவி. “இப்ப ‘அருளுடைய மூதாதை’ன்னுதான் பேர் வைக்கணும்னு சண்டைக்குப் போறீங்க.”

“திட்டுறது என் வேலை.”

“அப்ப இது?”

“இது வேலை இல்ல. ஆசை,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார் கெங்.

சபையில் சடங்குத் துறைத் தலைவர் தாவ் குவாங்சி ‘சாந்த மூதாதை’ என்ற பெயரை முன்வைத்தார். மறைந்தவர் ஒரு நாட்டையும் வெல்லவில்லை, ஒரு கோட்டையும் கட்டவில்லை, ஆகவே இதுவே பொருத்தம் என்றார். பாம்பும் சாகாமல் கம்பும் முறியாமல் பேசுவதில் தாவுக்கு ஈடு கிடையாது. கெங் எழுந்து, தான் விரும்பிய பெயரைச் சொன்னார். ‘அருளுடைய’ என்பது சாமானியமாகத் தருகிற பட்டம் அல்ல. இந்த வம்சத்தில் அதுவரை ஒருவருக்கும் கொடுத்ததில்லை.

தாவ் இதை எதிர்பார்த்தே வந்திருந்தார். ஆவணக் கிடங்கிலிருந்து ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிவரச் செய்து, மேலிருந்த ஓலையைப் பிரித்தார்.

“ஆட்சியின் பதினோராம் வருஷம். ‘உழவு நேரத்தில் ஆள் பிடித்து ஏரி வெட்டுவது கொடுமை.’ இது யாரு எழுதினது, கெங் ஐயா?”

“நான்தான்.”

“பதினெட்டாம் வருஷம். ‘மக்கள் வெள்ளத்தில் மூழ்குகிறார்கள், தாங்களோ வாத்துக் கறியில் மூழ்கியிருக்கிறீர்கள்.’ இது?”

“அதுவும் நான்தான்.”

சபையில் சிரிப்பை அடக்கிய செருமல்கள் கேட்டன. இளம் பேரரசரின் முகம் இறுகியது. அப்பாவை ஊர் கூடிச் சிரித்தால் எந்த மகனுக்குத்தான் பொறுக்கும்?

“நூத்துப் பன்னெண்டு இருக்கு,” என்றார் தாவ். “அருளே இல்லாதவர்னு நீங்களே சாட்சி சொல்லிட்டு, இப்ப அருளுடையவர்னு பேர் கேட்டா நாங்க என்னதான் பண்றது?”

 நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதானோ என்று கெங் நொந்துகொண்டார். தன் வாயால் தான் கெட்டால் பரவாயில்லை, மறைந்தவருடைய பெயர் அல்லவா கெடுகிறது? அப்போதுதான் தாவின் கைக்குக் கீழே ஓலையின் அடியில் தெரிந்த, பேரரசர் மட்டுமே தொடும் சிவப்பு மையைப் பார்த்தார்.

“தாவ் ஐயா, என் கறுப்பு மைய மட்டும் படிச்சா எப்படி? கீழ அவர் கைப்பட எழுதினதையும் படிங்க.”

தாவ் தயங்கினார். “படிங்க,” என்றார் இளம் பேரரசர்.

“‘படித்தேன். கோபம் வந்தது. தோட்டத்தை மூன்று சுற்றுச் சுற்றினேன். ஏரி வேண்டாம். ஆட்களை வீட்டுக்கு அனுப்பியாயிற்று.’”

“அடுத்தது.”

“‘வாத்தை நிறுத்தியாயிற்று. தானியக் கிடங்குகளைத் திறக்கச் சொல்லியாயிற்று. கெங், நான் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்துத்தான் அனுப்புவீரோ?’”

இந்த முறை யாரும் சிரிப்பை அடக்கவில்லை. இளம் பேரரசரும் சிரித்துவிட்டார்.

“இவருக்கு முந்தி ஆண்டவர்கிட்ட ரெண்டாவது ஓலை எழுத உசிரோட இருந்தவன் யாரு, சொல்லுங்க,” என்றார் கெங். “நான் நூத்துப் பன்னெண்டு எழுதியிருக்கேன். தலை இங்கதான் இருக்கு. அருளுக்கு இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும் உங்களுக்கு?”

 இளம் பேரரசர் இறங்கி வந்து, பெட்டியிலிருந்து கடைசி ஓலையைத் தானே எடுத்தார். தேதி, அப்பா இறப்பதற்கு எட்டு நாள் முந்தியது. நான்கே வரிகள்.

“இதுக்குப் பதில் உங்க கைக்கு வந்துச்சா?”

“இல்லீங்க மகாராஜா. அதுக்குள்ள...”

கோணலாகக் கிடந்த சிவப்பு எழுத்துகளை மகன் சத்தமாகப் படித்தார். “‘கெங், இந்த முறை நான்கு வரிதான் திட்டியிருக்கிறீர். உடம்புக்கு முடியவில்லையா? வைத்தியரை அனுப்பட்டுமா?’”

 துக்கம் முடியும்வரை பேரரசர் சிவப்பு மையைத் தொடக்கூடாது. அதனால் அவர் தூரிகையை நீல மையில் தோய்த்து, சபைக் குறிப்பில் இருந்த ‘அருளுடைய’ என்ற பெயருக்கு மேல் ஒப்புதலாக வட்டம் போட்டார். பிறகு அந்தக் கடைசி ஓலையைக் கெங்கிடம் நீட்டினார்.

“அப்பா கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலயே.”

கெங் இரண்டு கையாலும் அதை வாங்கி, தரையில் மண்டியிட்டார். கண்ணீர் தாடியில் இறங்கியது, அவர் துடைக்கவில்லை.

“எனக்கு ஒண்ணுமில்லீங்க மகாராஜா,” என்றார் அந்தச் சிவப்பு எழுத்துகளைப் பார்த்து. “உங்களுக்கு முடியலன்னு கேள்விப்பட்டேன். திட்ட மனசு வரல.”