டிரெஸ்ஸர் ராஜமாணிக்கத்தின் மகள்

சென்னையில் வெளியாகும் வாழ்க்கை வரலாற்றுக் களஞ்சியம் ஒன்று, தன் இரண்டாம் பதிப்புக்குத் திருத்தங்கள் கேட்டு, 1966ஆம் ஆண்டில் எங்கள் போர்ட் பிளேர் அலைகடல் தமிழ் மன்றத்துக்குக் கடிதம் எழுதியது. முதற்பதிப்பில் டாக்டர் விசாலாட்சிக்கு ஐந்து வரிகள் ஒதுக்கியிருந்தார்கள். இத்தீவுகளின் முதல் தமிழ்ப் பெண் மருத்துவர். மலேரியாக் காலத்தில் படகேறிக் கிராமம் கிராமமாகச் சென்றவர். ஜப்பானியர் ஆண்ட மூன்றாண்டுகளிலும் மருந்தில்லாத மருத்துவமனையை மூடாமல் காத்தவர். இவ்வளவும் சரிதான். நான்காம் வரியில் மட்டும், ‘இவர்தம் தந்தையார் ஆடை அணிவிக்கும் பணியாளர்’ என்று அச்சாகியிருந்தது.

ஏதோ ஓர் ஆங்கிலக் குறிப்பில் ‘டிரெஸ்ஸர்’ என்று இருந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, கட்டுப் போடுகிறவர் டிரெஸ்ஸர் என்பது எங்கள் ஊர்ப் பால்காரருக்கும் தெரியும். சென்னைத் தமிழறிஞருக்குத் தெரியவில்லை. அவர் அகராதியைத் திறந்தார், ஆடையைக் கண்டார், அணிவித்துவிட்டார். அறியாமையால் பிழை செய்கிற மாணவனை மன்னிக்கலாம். அகராதியின் துணையோடு பிழை செய்கிறவரை என்ன செய்வது?

செய்தி தெரிந்ததும், காலமான டாக்டரின் தங்கை அன்னம்மாள் டெலானிபூர் மேட்டிலிருந்து இறங்கி என் வீட்டுக்கு வந்தார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். ஐம்பத்து நான்கு வயது. நான் பள்ளியில் வாத்தியாராக இருந்த காலத்தில் அங்கே தையல் ஆசிரியையாக இருந்தவர்.

“மாஸ்டர்ஜி, துணி மாட்டி விட்டாராமே எங்கப்பா? யாருக்கு? வெள்ளைக்கார லாட் சாகிப்புக்கா?”

“திருத்திவிடலாம் அம்மா. அதற்குத்தான் கேட்டிருக்கிறார்கள்.”

“சும்மா திருத்துனா போதாது. பேரைப் போடணும். எங்கப்பா கைதியா வந்தவர். வரப்புத் தகராறுல ஒருத்தனை வெட்டிட்டு வந்தவர். கழுத்துல மரச்சீட்டு, அதுல நம்பர். வார்டுல நம்பர், ரேஷன்ல நம்பர், விடுதலையான பின்னாலயும் ஆஸ்பத்திரியில ‘ஏ நம்பர், இதர் ஆவ்’னுதான் கூப்பிடுவான். செத்தப்போ ரிஜிஸ்டர்லயும் நம்பர்தான் எழுதினான். ராஜமாணிக்கம்னு ஒரு காகிதத்துலயும் இல்ல மாஸ்டர்ஜி. ஒரே ஒரு இடத்துல வரட்டும்.”

அவர் கொண்டுவந்த தாளில் எல்லாம் எழுதியிருந்தது. கைதி ராஜமாணிக்கம் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்தார். கட்டுத்துணியை வீட்டுக்குக் கொண்டுவந்து சுருட்டச் சொல்வார். விசாலாட்சி ஏழு வயதில் சுருட்டக் கற்றாள். ஒன்பது வயதில் தந்தைக்குப் பக்கத்தில் நின்று கட்டவும் கற்றாள். ஒரு மருத்துவர் உருவான வரலாறு அந்த மூன்று வரிகளில் அடங்கிவிட்டது. களஞ்சியக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்?

மன்றத்துக்கு வேறு வேண்டியிருந்தது.

அபர்டீன் பஜாரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே மன்றத்தின் அறை. தலைவர் பக்தவத்சலம் மரக் காண்டிராக்டர். விழுப்புரத்திலிருந்து 1952இல் கப்பலேறி வந்தவர். தாம் வருமுன் இங்கே காடும் கடலும் மட்டுமே இருந்தன என்று நம்புகிறவர். செயலாளர் பன்னீர்செல்வம் அரசாங்க குமாஸ்தா. அலுவலகத்தில் தலையாட்டிப் பழகிய கழுத்து, மாலையில் மன்றத்துக்கு வந்த பின்னும் நிற்பதில்லை. என் கையெழுத்து நன்றாயிருக்கும் என்பதால் படியெடுக்கும் வேலைக்கு என்னையும் குழுவில் வைத்திருந்தார்கள்.

அன்னம்மாளின் தாளைத் தலைவர் இரண்டு விரலால் பிடித்தார்.

“கைதியா? என்ன மாஸ்டர் இது? அந்தமான்னு சொன்னாலே மெயின்லாண்டுல, ‘என்ன கேஸு?’ன்னு கேக்குறான். என் பொண்ணுக்கு மூணு வரன் தட்டிப் போச்சு. இதை நாமளே அச்சுல போடணுமா?”

“பிலகுல் சரி சார்,” என்று ஆபீஸ் இந்தி கலந்து முழுதாக ஆமோதித்தார் பன்னீர்செல்வம்.

“தலைவரே, நீங்கள் கைதிக் குடும்பம் அல்லவே,” என்றேன்.

“அது எனக்குத் தெரியும். சம்பந்தி வீட்டுக்குத் தெரியுமா?” என்றவர், பழைய பதிப்பை எடுத்துப் பார்த்தார். “ஆடை அணிவிக்கும் பணியாளர். இது பரவாயில்ல. ஆனா வேலைக்காரன் மாதிரி இருக்கு. கொஞ்சம் தூக்கி விடணும். ‘அரண்மனை ஆடை அலங்கார அதிகாரி’ன்னு போடுங்க.”

“எந்த அரண்மனை சார்?” பன்னீர்செல்வம் அன்றைக்குத்தான் முதன்முறையாகக் கேள்வி கேட்டார்.

“தஞ்சாவூர்னு போடு. யார் போய்ப் பார்க்கப் போறா?”

இவ்வாறு, சீழைத் துடைத்த ஒரு மனிதர், சென்னையில் உடைகாரராகி, அபர்டீன் பஜாரில் அதிகாரியாகப் பதவி உயர்வு பெற்றார். தலைவர் அத்தோடு நிற்கவில்லை. டாக்டர் முதன்முதலில் மருந்தகம் நடத்திய கட்டடத்தை, ‘வள்ளல் பெருந்தகை வேதாசல முதலியார் மனமுவந்து கட்டிக்கொடுத்தார்’ என்று ஒரு வரியைத் தம் கையாலேயே எழுதினார். வேதாசல முதலியார் தலைவரின் தந்தை. விழுப்புரத்தில் நெல் மண்டி வைத்திருந்தவர். கடலைக் கண்ணால் பார்த்தாரா என்பதே ஐயம்.

நான் ஒரு கதை சொன்னேன். நேராகச் சொன்னால் கேட்காதவர்களுக்குக் கதை சொல்வது முப்பதாண்டுப் பழக்கம். “கடற்கரையில் ஒரு நண்டு, செத்த சங்கு ஒன்றின் கூட்டுக்குள் குடியேறியது. மறுநாள் முதல், ‘எங்கள் தாத்தா கோயிலில் ஊதப்பட்டவர்’ என்று பேசத் தொடங்கியது. மற்ற நண்டுகள் கும்பிட்டன. ஒருநாள் உண்மையிலேயே ஒரு பூசாரி வந்து, சங்கை எடுத்து வாயில் வைத்தார்.”

தலைவர் வயிறு குலுங்கச் சிரித்தார். “சபாஷ் மாஸ்டர்! அந்தச் சப்ளை ஆபீசர் இருக்கானே, அவனுக்கு இது அப்படியே பொருந்தும்!”

அவர் மீது எனக்கிருந்த கடைசி மரியாதையும் அந்தச் சிரிப்போடு போயிற்று. கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கு எதிரே ஓர் ஆள் இருக்க வேண்டும்.

கப்பல் வியாழக்கிழமை புறப்படுவதாக இருந்தது. புதன் மாலைக்குள் படியெடுத்து, மூவரும் கையெழுத்திட்டு, உறையில் வைக்க வேண்டும். அன்று காலை அன்னம்மாளைச் சந்தித்து, தஞ்சாவூர் அரண்மனை பற்றிச் சொன்னேன். அவர் அழவில்லை.

“அப்போ அக்காவையும் எடுத்துடுங்க மாஸ்டர்ஜி. ரெண்டு பேரும் இல்லாமலே போகட்டும். வேற ஆளோட மகளா அவ எதுக்கு இருக்கணும்?”

அந்தச் சொல்லோடு வீட்டுக்குப் போய் மேசையில் உட்கார்ந்தேன். பதின்மூன்று ஆண்டுகளாகப் பக்தவத்சலம் தலைமை தாங்கிய ஒவ்வொரு அறிக்கையையும் படியெடுத்தவன் நான். அவர் ஒரு தாளை எப்படிப் படிப்பார் என்பது எனக்குத் தெரியும். தம் பெயரைத் தேடுவார்; கண்டதும் முகம் மலர்வார்; கையெழுத்திடுவார். அன்னம்மாளின் தாளிலிருந்து ஒரு சொல்லும் விடாமல் எழுதினேன். கைதி, ராஜமாணிக்கம், புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர், கட்டுத்துணி சுருட்டிய சிறுமி, எல்லாம். கடைசியில் வேதாசல முதலியாரின் வரியை, தலைவர் எழுதியபடியே, சற்றுப் பெரிய எழுத்தில் எழுதினேன். அது பொய் என்று அறிந்தே எழுதினேன். அந்த வரி இல்லையென்றால் அவர் தாள் முழுவதையும் படித்துவிடுவார்.

மாலையில் மன்றத்தில், தலைவரின் விரல் தாளின் மேலிருந்து வழுக்கிக்கொண்டு நேரே கடைசி வரிக்குப் போய் நின்றது. “அப்பா பேரு அழகா வந்திருக்கு மாஸ்டர்,” என்று கையெழுத்திட்டார். அடுத்துப் பன்னீர்செல்வம் குனிந்தார். அவர் முழுவதையும் படித்தார் என்பதை அவர் காது சிவந்ததில் கண்டுகொண்டேன். பேனா சிறிது நேரம் அந்தரத்தில் நின்றது.

“எல்லாம் கரெக்டாப்பா?” என்றார் தலைவர்.

“பிலகுல் சரி சார்,” என்று பன்னீர்செல்வம் கையெழுத்திட்டார். தலையாட்டுகிற கழுத்திலும் நேர்மைக்குச் சிறிது இடம் இருக்கும் என்பதை நான் அவரிடம் எதிர்பார்த்திருக்கவில்லை.

பத்து மாதம் கழித்துக் கப்பலில் புத்தகம் வந்தது. தலைவர் ஆறு பிரதிகள் வாங்கி, கடைசி வரியின் கீழ்ச் சிவப்பு மையால் கோடிட்டு, வரன் பேசும் வீடுகளுக்கு அனுப்பினார். அதற்கு மேலுள்ள வரிகளை அவர் இன்றுவரை படித்ததாகத் தெரியவில்லை. சம்பந்தி வீட்டார் படித்திருப்பார்கள்.

ஒரு பிரதியை நான் டெலானிபூருக்கு எடுத்துச் சென்றேன். அன்னம்மாள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினார். எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தையைப் போல, “ராஜ… மாணிக்கம்,” என்று வாய்விட்டுப் படித்தார். மூன்று முறை படித்தார். பிறகு விரல் கீழே இறங்கியது.

“இது யாரு, வேதாசல முதலியார்?”

சொன்னேன். எதற்காக அந்த வரியைச் சேர்த்தேன் என்பதையும், அது என் கையால் எழுதிய பொய் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அடித்துவிடச் சொல்வார் என்று பென்சிலையும் எடுத்து நீட்டினேன்.

அவர் பென்சிலை வாங்கவில்லை.

“அந்த ஆளு இந்தத் தீவுக்கு வந்ததே இல்லையா?”

“இல்லை அம்மா.”

“பாவம் மாஸ்டர்ஜி, இருந்துட்டுப் போகட்டும். எங்கப்பா தயவுல அவருக்கும் ஒரு கப்பல் பயணம்.”