ஏழு மாத வயிற்றோடு இறங்கிய சதுப்பு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை. எங்கள் தத்துவத்துறைப் பேராசிரியரின் முப்பதாண்டுப் பணிக்கு ஒரு பாராட்டு மலர் வருகிறது. அதில் அவருடைய வாழ்க்கையை இருநூற்றைம்பது வார்த்தைகளில் எழுத வேண்டும். கேட்டவரும் அவரே.

"நீதாம்மா எழுதணும். என்னைப் பத்தி நானே எழுதுனா நல்லாவா இருக்கும்? அப்புறம், செவ்வாய்க்கிழமை உன் நிரந்தர வேலை இன்டர்வியூவுக்கு நான்தான் தலைவர், தெரியுமில்ல?"

பதினோரு வருடமாகத் தற்காலிக விரிவுரையாளராக இருப்பவளுக்கு அது தெரியாமல் இருக்குமா?

2

முதல் முயற்சி: 'சுற்றுச்சூழல் அறத்தையும் பௌத்தத்தையும் இணைத்த முன்னோடி, பற்றற்ற...'

(இதற்கு மேல் கை வரவில்லை. நிழலில் கார் நிறுத்தும் இடத்துக்காகத் துணைவேந்தர் வரை போய்ச் சண்டை போட்டவர்.)

அடுத்து, அவரை வில்லனாக்கிப் பார்த்தேன். அதுவும் ஒட்டவில்லை. கைகழுவும் தொட்டியில் எறும்பு தெரிந்தால், அதைக் காகிதத்தில் ஏற்றி ஜன்னலில் விட்ட பிறகுதான் குழாயைத் திறப்பார். எறும்புகளிடம் அவர் உண்மையிலேயே நல்லவர்.

3

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது சதுப்பு நிலத்தைப் பற்றிய ஒரு கட்டுரை. நிலமோ எண்ணமோ யாருக்கும் உடைமையல்ல என்பது அதன் வாதம். எழுதியது நான். அச்சில் வந்தது அவர் பெயர் மட்டும். போய்க் கேட்டேன்.

"'நான்'ங்கிறதே மாயைன்னு நீதானேம்மா எழுதியிருக்க?"

"அப்ப உங்க பேரு மட்டும் எதுக்கு சார்?"

"ஏதாவது ஒரு பேரு போடணுமேன்னு பத்திரிகைல கேக்குறாங்க. என்ன பண்றது, சொல்லு."

கழிப்பறையில் போய் ஆத்திரத்தில் அழுதேன். ஆனால் ஐயா ஒன்றைக் கோட்டை விட்டிருந்தார். பதினேழாம் அடிக்குறிப்பை அவர் படிக்கவே இல்லை. 'ஏழு மாத வயிற்றோடு சதுப்பில் இறங்கி நீர்மட்டத்தை அளந்தேன்' என்று அது இன்றுவரை அவர் பெயரில்தான் இருக்கிறது. நானூறு அறிஞர்கள் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிவிட்டார்கள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

4

முடிவுக்கு வருவோம். அந்த அடிக்குறிப்பை மலரில் எடுத்துப் போடலாம். வேலை கைவிட்டுப் போகும். போடாமல் விடலாம், வேலை கிடைக்கும். ஆனால் அந்த வயிற்றில் இருந்தவள் ஒருநாள், "அம்மா, நீ என்னதாம்மா எழுதியிருக்க?" என்று கேட்பாள். (பொய். நேற்றே கேட்டுவிட்டாள். அடுப்பைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.)

ஆகவே ஒரு வாக்கியத்தை மட்டும் பாதியில் விடுகிறேன்:

'ஏழு மாத வயிற்றோடு சதுப்பில் இறங்கி, அந்தக் கட்டுரையை எழுதியவர் ................'

புள்ளிகளை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். உங்களுக்குச் செவ்வாய்க்கிழமை நேர்காணல் இல்லையே.